வேளாங்கண்ணிக்கு நடப்போருக்கு நிலையான தங்கல்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குழுக்களால் காரைக்குடி–அறந்தாங்கி சாலையில் இரவு நேரத்தில் வண்டி ஓட்டவே அச்சமாக இருக்கிறது என்றும், பேருந்தும் ரயிலும் இருக்கும் காலத்தில் இவர்கள் ஏன் சாலையை அடைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றும் கேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து புறப்படும் ஒரு குழுவோடு பல ஆண்டுகளாக நடந்து வருகிறவன் என்ற முறையில் அவருக்கு மறுமொழி எழுத விரும்புகிறேன். இருட்டில், வளைவு திரும்பியதும் முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் திடீரென்று நாற்பது ஐம்பது பேர் தென்பட்டால் ஓட்டுநருக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் ஏன் சாலையில் இருக்கிறோம் என்பதை அவர் விசாரித்திருக்கலாம். இரவு படுத்து எழுந்து, அதிகாலையில் நடப்பதற்கு வழியெங்கும் உறுதியான தங்கல் இல்லை. தங்கல்கள் அமைந்தால் அவருடைய புகாரில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

ஆகஸ்ட் 29 அன்று மாலை வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாளன்று பெருவிழா நிறைவு பெறுகிறது. இந்த நாள்களுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்தே சிவகங்கை மறைமாவட்டத்தின் பங்குகளிலிருந்து, அதாவது ஒவ்வொரு கோயிலையும் சார்ந்த ஊர்ச் சபைகளிலிருந்து, குழுக்கள் கிளம்பிவிடுகின்றன. எங்கள் பக்கத்துக் குழுக்கள் பெரும்பாலும் காரைக்குடி, புதுவயல், அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகச் செல்கின்றன. எப்படிக் கணக்கிட்டாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். (வாசகர் ஏறிப் போகச் சொல்லும் ரயிலும் திருத்துறைப்பூண்டி வரையில் பெரும்பாலும் இதே ஊர்களைத் தொட்டுத்தான் போகிறது, அது கூவிக்கொண்டு எங்களைக் கடந்து போகும்போது குழந்தைகள் கையசைக்கத் தவறுவதில்லை.) நாளொன்றுக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் என்று நிதானமாக நடந்தால் ஆறு நாள் வேண்டும். ஆனால் கொத்தனார் வேலைக்கும், அரிசி ஆலைக்கும், ஜவுளிக் கடைக்கும் போகிறவர்களுக்கு ஆறு நாள் விடுப்பு யார் தருவார்கள்? பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம் அது. எனவே ஆறு நாள் நடையை நான்கு நாளுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள், மிச்சத் தூரம் இரவின் மேல் விழுகிறது.

வெயில் இன்னொரு காரணம். ஆவணி வெயில் சித்திரை வெயிலுக்கு இளைத்ததன்று என்பது சாலையில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர்ச்சைக்காக வெறுங்காலோடு நடப்பவர்கள் எங்கள் குழுவில் பலர் உண்டு. காலை பத்து மணிக்குமேல் தார் பொசுக்கத் தொடங்கும். சாலையோர மண்ணிலோ கருவேல முள்ளும் உடைந்த புட்டிச் சில்லும் கிடக்கும். அப்போது அவர்கள் கால் தேடுவது சாலையின் விளிம்பில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைத்தான். கரிய தாரை விட வெள்ளைச் சாயம் சூட்டைக் குறைவாக வாங்குகிறது என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் உள்ளங்கால் கண்டுபிடித்துவிடுகிறது. வண்டியோட்டிகளுக்கு எரிச்சலூட்டும் அந்த ஒற்றை வரிசை, ஓரத்து மண்ணில் இறங்காமல் கோட்டின்மேல் அடம்பிடித்து நடப்பதன் காரணம் இதுதான். இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் சாலையிலேயே இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு கூரையின் கீழ் படுத்திருக்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஒன்பதரைக்குள் இருபது கிலோமீட்டரை முடித்துவிட்டு, மாலை நான்கரைக்கு மேல் மறுபடி புறப்பட்டு எட்டு மணிக்குள் மீதத்தை முடித்து நிற்பதே காலுக்கும் உயிருக்கும் உகந்த நடை. அப்படி நடக்க வேண்டுமானால் பகலில் ஒதுங்க ஓரிடமும், இரவு படுக்க ஓரிடமும் முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய நிலையில், குட்டியானை வண்டியில் பாத்திரம் பண்டங்களோடு முன்னே போகும் எங்கள் சமையல் குழுவினர், ஒவ்வோர் ஊரிலும் யாரையாவது கெஞ்சித்தான் இடம் பிடிக்கிறார்கள். கிடைக்காத நாளில் அடுத்த ஊர் வரை நடக்க வேண்டியதுதான். ஓர் ஊரில் மண்டபம் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தவர்கள், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அன்று வளைகாப்புக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்தில் எதுவுமில்லாத வாய்ப்பேச்சு அவ்வளவுதான் தாங்கும்.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆண்கள் எங்கும் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்களோ விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் தவிர வேறு நேரமில்லை என்ற கணக்கில், பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வழியோரத்தில் அன்போடு நீட்டப்படும் நீர்மோரை வாங்கி உதட்டை நனைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் பையனிடம் கொடுத்துவிடும் பெண்களை எல்லாக் குழுக்களிலும் பார்க்கலாம். வெயிலில் முப்பது கிலோமீட்டர் நடக்கிற உடம்புக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டால் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, மயக்கம் என்று வரிசையாக வரும். சிறுநீரை அடக்கி அடக்கி, ஊர் திரும்பிய பின் நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு. விழா முடிந்ததும் கோயிலில் சாட்சி சொல்லும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறைகள் நான்கைந்து இருந்தாலே போதும். பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறை இருக்கிறது, சில இடங்களில் திறந்தும் விடுகிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில் முப்பது பெண்கள் வரிசையில் நின்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்?

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ போய்ப் பாடம் படிக்கத் தேவையில்லை. செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடிகளைப் பார்த்தாலே போதும். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும் அந்தப் பாதயாத்திரையும் ஏறத்தாழ எங்கள் தூரம்தான். தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் அந்த யாத்திரையில் எந்த நாள் எங்கே தங்கல், எந்த இடத்தில் எந்த வேளைச் சாப்பாடு, காவடிகள் எந்த முறையில் போக வேண்டும் என்பதெல்லாம் வழக்கமாகவே நிலைபெற்றிருக்கின்றன. நத்தம் பக்கத்தில் ஒரு கடைக்காரரிடம் கேட்டால், பஞ்சாங்கத்தைப் பார்க்காமலே காவடி வரும் நாளைச் சொல்லிவிடுவார். வரும் நாளும் இடமும் ஊருக்குத் தெரிந்திருப்பதால் ஊரே தயாராக இருக்கிறது. நகரத்தார் காசியிலும் இராமேஸ்வரத்திலும் சத்திரம் கட்டியவர்கள். யாத்திரை செய்கிறவனுக்கு முதலில் வேண்டியது படுக்க இடம் என்பதைக் கல்லிலும் காரையிலும் காட்டியவர்கள். அதே மண்ணில் பிறந்து, அந்தக் காவடிகள் தெருவில் வரும்போது வாசல் தெளித்து நிற்கும் அண்டை வீட்டார்களாகிய நாங்கள், எங்கள் யாத்திரையை மட்டும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? பழனி நடையை முன்னின்று நடத்தும் பெரியவர்களிடம் எங்கள் பங்குப் பேரவையினர் ஒருநாள் போய் உட்கார்ந்து கேட்டால், அவர்கள் காபி கொடுத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லித் தருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கிறித்தவ உலகத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஸ்பெயின் நாட்டில், நம் ஊரில் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்குப் பிரான்சு எல்லையிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடந்து போகிறார்கள். இடைக்காலத்தில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் நடந்த அந்தப் பாதை பிறகு ஓய்ந்துபோய், 1980களின் தொடக்கத்தில் மிகச் சிலரே நடக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா, வழிநெடுகப் போய் மஞ்சள் சாயத்தால் அம்புக்குறி வரைந்தார். பங்குகளும் ஊராட்சிகளும் தன்னார்வலர்களும் வழியிலுள்ள ஊர்களில் எளிய விடுதிகளைத் திறந்தனர். யாத்திரிகர் கையிலுள்ள அட்டையில் ஒவ்வொரு தங்கலிலும் முத்திரை இடுவார்கள். அட்டை இருந்தால் படுக்கை, பொதுவாக ஓர் இரவு மட்டும். நடந்து போகிறவர்களுக்கு, குறைந்தது கடைசி 100 கிலோமீட்டரைக் கடந்தால்தான் சான்றிதழ். இன்று அங்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சான்றிதழைப் பெறுகிறார்கள். அந்தப் பணக்கார நாட்டின் வசதிகளை நான் இங்கே கேட்கவில்லை. அம்புக்குறியும், அட்டையும், கதவு திறந்திருக்கும் ஒரு கூடமும் பெரும் பணம் கேட்கும் காரியங்கள் அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். எங்களுக்கு அம்புக்குறிகூட வேண்டியதில்லை, சாலை நேராகத்தான் போகிறது.

இனி எங்கள் பக்கத்தில் திருத்த வேண்டியவை. முதலாவது ஒலிபெருக்கி. மாதா சுரூபம் (சிலை) வைத்த சப்பரத்தில் மின்கலத்தையும் பெரிய ஒலிப்பெட்டிகளையும் கட்டிக்கொண்டு, திரைப்பட மெட்டில் அமைந்த பக்திப் பாடல்களை இரவெல்லாம் அலறவிடும் குழுக்கள் பெருகிவிட்டன. வழியிலுள்ள ஊர்களின் உறக்கம் கெடுவது ஒருபுறமிருக்க, இதில் வெளியே தெரியாத இன்னோர் ஆபத்து உண்டு. செபமாலையைக் குழுவாகச் சொல்லும்போது, ‘அருள் நிறைந்த மரியே’ என்ற முற்பாதியை முன்னே போகிறவர்கள் சொல்ல, பிற்பாதியைப் பின்னே வருகிறவர்கள் சொல்வது வழக்கம். முன்னவர் குரல் பின்னவருக்குக் கேட்டால்தான் செபம் தொடரும். வரிசை நீண்டு குரல் எட்டாமல் போனால் செபம் அறுந்துவிடும், உடனே முன்னால் போகிறவர்கள் நின்று விடுவார்கள். குழு எவ்வளவு நீளம் பரவலாம் என்பதற்கு எங்கள் முன்னோர் வைத்த அளவுகோல் இதுவே. செபமாலை ஒன்றை, அதாவது ஐந்து பத்துமணிச் செபத்தை, சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் கடந்துவிடும். ஒவ்வொரு செபமாலை முடிவிலும் நின்று ஆளெண்ணிக்கொண்டு புறப்பட்டால் எவரும் தவறிப்போக முடியாது. ஒலிபெருக்கி வந்த பிறகு அரைக் கிலோமீட்டர் பின்தங்கியவருக்கும் பாட்டுக் கேட்கிறது. எனவே அவர் பின்தங்கியது யாருக்கும் தெரிவதில்லை. பின்னால் வரும் லாரியின் ஒலிப்பான் ஓசையும் அந்த இரைச்சலில் காதில் விழுவதில்லை. இப்படி வரிசையிலிருந்து பிரிந்து தனித்து நடக்கிற முதியவர்களும் இளம் பிள்ளைகளும் எளிதில் விபத்தில் சிக்கக்கூடியவர்கள். எனவே சாலையில் ஒலிபெருக்கி கூடாது. தங்கலில் மாலை வழிபாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று குழுக்கள் தாமாகவே முடிவெடுக்க வேண்டும். மெதுவாக நடப்பவர்களை முன்னால் விட்டு, கால் வலுவுள்ள இளைஞர்கள் கடைசியில் வருவது எங்கள் குழுவில் பழகிவிட்டது. தொடக்கத்தில் இளைஞர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு அதுவே பெருமையாகிவிட்டது.

நாங்கள் உடுத்தி நடக்கும் காவியுடை பகலில் எடுப்பாகத் தெரியும். இரவில் கறுப்புத் துணிக்கும் அதற்கும் வேறுபாடில்லை. ஆகவே முதுகில் ஒளிர்பட்டை ஒட்டுவது, வரிசையின் இரு முனைகளிலும் சிவப்பு விளக்கு ஏந்துவது, எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்புறமாக நடப்பது ஆகியவற்றைக் கட்டாயமாக்கலாம். காகிதத் தட்டும் நெகிழிக் குவளையும் வேண்டாம், ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் என்று வைத்துக்கொண்டால், நாங்கள் கடந்து போன பாதையை ஊராட்சித் தூய்மைப் பணியாளர்கள் சபிக்க நேராது.

பேருந்தில் போகலாமே என்ற கேள்விக்கும் இரண்டு வரி சொல்ல வேண்டும். திருவாடானை வட்டத்திலுள்ள ஓரியூரில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு இறந்த புனித அருளானந்தர் என்ற இயேசு சபைக் குரு, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். காவி உடுத்து, புலால் நீக்கி, பண்டார சுவாமியாக மறவர் நாடெங்கும் நடந்தே திரிந்தவர். அவர் பெயர் தாங்கிய பள்ளியில் படித்த தேவகோட்டைப் பிள்ளைகள், ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு தேர்வெழுதப் போனவர்கள். இந்தப் பக்கத்துக் கிறித்தவர்களுக்கு நடந்து போய் வணங்குவது வேளாங்கண்ணியால் மட்டும் வந்த பழக்கமன்று, ஓரியூருக்கும் நடக்கிறோம். பேருந்தில் போனால் நான்கைந்து மணி நேரத்தில் கோயிலைப் பார்த்துவிடலாம். ஆனால் கடன் தொல்லையால் பேச்சே நின்றுபோன அண்ணன் தம்பிகள் மூன்றாம் நாள் ஒரே துண்டை விரித்துப் படுப்பதையும், பிள்ளையில்லாத மருமகளுக்காக மாமியார் வெறுங்காலோடு நடப்பதையும், கொப்புளம் வெடித்த அந்தக் காலுக்கு மருமகளே தேங்காயெண்ணெய் தடவுவதையும் பேருந்தில் பார்க்க முடியாது. தனியாக நடந்தாலும் இவை நேரா. இந்த நடைக்குக் குழு தேவைப்படுவது அதனால்தான். இதை அந்த வாசகர் ஏற்காமல் போகலாம். அது அவர் உரிமை. சாலை அவருக்கும் எங்களுக்கும் பொது என்பதில் மட்டும் இருவரும் உடன்பட்டால் போதும்.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை எங்கள் கையிலேயே இருக்கின்றன. வழியிலுள்ள பங்குகள் ஒவ்வொன்றும் தம் வளாகத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 7 வரை ஒரு கூடத்தையும் கழிப்பறைகளையும் யாத்திரிகருக்காக ஒதுக்கி, பொறுப்பாளர் ஒருவரைப் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களிலிருந்து நியமிக்கலாம். கிறித்தவ ஆலயம் இல்லாத இடைவெளிகளில்தான் சிக்கல். அங்கே அரசுப் பள்ளிகளின் வளாகத்தை மாலை ஆறு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை தர மாவட்ட நிர்வாகங்கள் அனுமதிக்க வேண்டும்; கூட்டிப் பெருக்கி, கழிப்பறையைக் கழுவி, சாவியைத் திருப்பித் தரும் பொறுப்பை எழுத்து மூலம் ஏற்க நாங்கள் தயார். புதுவயலில் அரிசி ஆலைகளின் நெற்களங்கள் பல உண்டு. அவற்றின் உரிமையாளர்களில் சிலர் இப்போதே மனமுவந்து இடம் தருகிறார்கள். அருகில் இரண்டு கழிப்பறைகள் மட்டும் கட்டிக்கொடுக்க நன்கொடையாளர்கள் முன்வந்தால் அதுவே முதல் நாள் தங்கலாகிவிடும். ஆறு நாள் நடைக்கு இரவுத் தங்கல் ஐந்தும், பகல் ஒதுங்கிடம் ஆறும் போதும். குழுத் தலைவர் பெயர், ஆள் எண்ணிக்கை, எந்த நாள் எங்கே தங்கல் என்ற விவரத்தைப் புறப்படும் ஊர்க் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பும் வழக்கமும் வர வேண்டும். அந்த விவரம் வழியிலுள்ள நிலையங்களுக்குப் போனால், எந்த இரவில் எந்தச் சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது காவல்துறைக்கு முன்னதாகவே தெரியும்.

இடம் தர விருப்பமுள்ள ஆலை உரிமையாளர்களும், மண்டபக்காரர்களும், பள்ளி நிர்வாகிகளும் எந்த மதத்தவராயினும் ஆடி மாதத்துக்குள் தத்தம் ஊர்ப் பங்குத்தந்தையரிடம் தெரிவித்தால், அவற்றைத் தொகுத்து ஊர்வாரியான பட்டியலாகத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் அந்தப் பட்டியலைத் தங்கள் நாளிதழின் சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பதிப்புகளில் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தேவகோட்டை